யாரும் மிதிக்காத காபட்

போன வார அத்தியாயத்தில் ஜெசீகாவை லுணுகலை பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளோடு இறக்கிவிட்டு நாம் வந்துவிட்டோம். குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டைக் கூட்டித் துடைத்தே இளமையைக் கழித்தவள், இனிமேல் போவதில்லை என்று முடிவெடுத்துத் திரும்பியிருக்கிறாள். புருஷன் ரொஷான் த்ரீவீலரோடு காத்துக்கொண்டிருந்தான். மாமியார் இருதயம்மா வாசலில் நின்று அழுதாள். ரொஷானின் தங்கை நிலக்ஷனா ஓடிவந்து அண்ணியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற வீட்டில் எனக்கு என்ன வேலை? அதனால்தான் இந்தச் சனிக்கிழமைக்கு வந்திருக்கிறோம்.

அன்று பண்டாரவளையிலிருந்து நிலக்ஷனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை றுஷாந்தனுக்கு அங்கே சொந்தமாக ஒரு மருந்துக் கடை. அவனைப் பதுளையில் ஒரு கோயில் திருவிழாவில் நிலக்ஷனா ஒரு தடவை பார்த்திருக்கிறாள், இரண்டு வார்த்தை பேசியுமிருக்கிறாள். யாரும் கேட்காததால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலக்ஷனா தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். வயது முப்பதைத் தொடப் போகிறது. அவளோடு ஒன்றாகப் படித்தவர்களின் பிள்ளைகளுக்கே அவள்தான் 'அ' எழுதப் பழக்குகிறாள். ஊர் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் மட்டும் யாரும் வாய்விட்டுப் போடவில்லை.

காலையிலேயே ஜெசீகா முன்னறையைக் கூட்டித் துடைத்துவிட்டாள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு வந்து, அவள் அனுப்பிய பணத்தில் கட்டிய புது வீடு. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டுப் பார்த்தாள். நடுவில் வெறும் சீமெந்துத் தரை கிடந்தது.

"நிலா, அந்தக் காபட் எங்க? வெள்ளையடிக்கிறதுக்காகச் சுருட்டி வச்சீங்களா?"

நிலக்ஷனாவின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு அண்ணி. பத்திரமா இருக்கு."

குவைத்திலிருந்து கேட்கும்போதெல்லாம் போனில் வந்த அதே பதில். காபட் எப்படி இருக்கு? பத்திரமா இருக்கு அண்ணி. அதைக் கேட்டு எத்தனை இரவுகள் ஜெசீகா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்!

அது சாதாரண விரிப்பு இல்லை. அசல் கம்பளி நூலில் நெய்த கம்பளம். மாதுளை நிறம், ஓரமெல்லாம் நீலப் பூ. அந்த வீட்டு மேடத்தின் வரவேற்பறையில் கிடந்தது. அதற்கு நாளும் தூசி இழுத்தவள் ஜெசீகாதான். சிந்தியதை ஒற்றி எடுத்ததும், வெயில் ஒரே பக்கம் விழாதபடி அவ்வப்போது திருப்பிப் போட்டதும் அவள்தான். வீட்டுக்குப் புதுச் சாமான் வாங்கியபோது மேடம் அதை அவளுக்கே கொடுத்துவிட்டாள். ஜெசீகா அன்றைக்கே கார்கோவில் போட்டு வீட்டுக்கு அனுப்பினாள்.

நிலக்ஷனா அப்போது டீச்சர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "சீமெந்துத் தரையில உக்காந்து படிக்காத நிலா, குளிர் ஏறும். அத விரிச்சுப் போட்டு உக்காரு" என்று ஜெசீகா போனில் சொன்னாள். அந்தக் கம்பளத்தின் மேல் புத்தகத்தை விரித்துக்கொண்டு நாத்தனார் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டேதான் அடுத்தவர் வீட்டுக் கம்பளங்களை அவள் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

நிலக்ஷனா அவளை அறைக்குள் கூட்டிப்போய், குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய கட்டொன்றை இழுத்தாள். கார்கோ கம்பெனி ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. அதற்கு மேல் பொலித்தீன். அதற்கும் மேல் ஒரு பழைய போர்வையைச் சுற்றிக் கயிறு போட்டிருந்தது.

"நீங்க அனுப்பின மாதிரியே இருக்கு அண்ணி. ஒரு முடிச்சுக்கூட அவுக்கல."

"அவுக்கவே இல்லையா?"

"நீங்க மிதிக்காம நாங்க எப்படி அண்ணி மிதிக்கிறது? இன்னைக்கு நீங்கதான் முதல்ல கால் வைக்கணும். அப்புறம்தான் மத்தவங்க."

ஜெசீகாவுக்குச் சுருக்கென்றது. கம்பளி நூலுக்கு இருட்டும் புழுக்கமும் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்குள் வெளியே வேன் ஹோர்ன் அடித்தது. மழைக்கு முந்தித் திரும்பிவிட வேண்டும் என்று பண்டாரவளைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

கட்டு அறையிலேயே கிடந்தது.

மாப்பிள்ளையின் தாய் பிலோமினா கெட்ட மனுஷி இல்லை. கேள்வி கேட்கிற மனுஷி, அவ்வளவுதான். உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தாள், மாதா படத்தைப் பார்த்தாள், ஜன்னல் திரையைப் பார்த்தாள். றுஷாந்தன் வெளியே ரொஷானோடு நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"வீடு நல்லா கட்டியிருக்கீங்க. மருமக வெளிநாட்டுல இருந்து அனுப்பினதுதானே?"

"ஆமாங்க. எல்லாம் அவ உழைப்பு" என்றாள் இருதயம்மா பெருமையாக.

பிலோமினா ஜெசீகாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"இல்லீங்க."

"ஐயோ. அங்க போயிட்டா எங்க நேரம் இருக்கு, பாவம். இனிமேலாவது மாதா கண் திறக்கணும். வயசும் போகுதுல்ல."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். கூட வந்திருந்த அவளுடைய தங்கையும் 'த்சு' கொட்டினாள். இருதயம்மா தரையைப் பார்த்தாள்.

வந்து பார்த்துக்கொள்ளலாம், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ரொஷானும் ஜெசீகாவும் போனிலேயே தள்ளிப் போட்டுவிட்ட விஷயம் அது. வந்தாயிற்று. இப்போது யாரோ ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை எடுத்துப் பார்க்கிறாள். ஜெசீகாவுக்குக் காது சூடாகிவிட்டது. அந்த நேரத்தில் அவளுக்கு எதையாவது காட்ட வேண்டும் போலிருந்தது. பிள்ளை இல்லை, சரி. இதோ பாருங்கள், என் வருஷங்களுக்கு இதாவது இருக்கிறது என்று அந்தப் பெண்களின் காலடியில் விரித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"இருங்க, வர்றேன்" என்று எழுந்தாள்.

அறையில் நிலக்ஷனா தேத்தண்ணித் தட்டோடு தயாராக நின்றாள். பச்சைச் சேலை, தலையில் பூ. ஜெசீகா அவளைப் பார்க்கக்கூட இல்லை. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். டேப்பைக் கிழித்தாள்.

முதலில் நாற்றம் வந்தது. மழைக் காலத்தில் திறக்காமல் விட்ட அலுமாரியின் நாற்றம். பூச்சி உருண்டையின் நெடி அதற்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. மடிப்பைப் பிடித்து ஒரு உதறு உதறினாள். அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. நடு மடிப்பில் கம்பளம் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. சின்னச் சின்ன அந்துகள் எழும்பிப் பறந்தன. நீலப் பூ இருந்த இடத்தை அவள் கையால் தடவினாள். பூ கையோடு வந்தது. அடியில் வெறும் நூல்தான் இருந்தது, அதிலும் புழு நெளிந்தது.

"என்னடி இது?"

நிலக்ஷனாவின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. "தெரியல அண்ணி. பூச்சி உருண்டை போட்டேனே. மாசா மாசம் வெயில்ல எடுத்து வச்சேனே."

"பிரிச்சா?"

"இல்ல. கட்டோட. பொலித்தீனோட."

"பொலித்தீனோட வெயில்ல வச்சா உள்ளுக்குள்ள அவிஞ்சு போகாதா? மூள இல்ல உனக்கு? விரிச்சுப் போட்டு உக்காருன்னுதானே அனுப்பினேன்! இத்தன வருஷமா இங்க இருந்து என்னத்தக் கிழிச்ச?"

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தத் தொடர் வேறு பக்கம் போயிருக்கும். ஜெசீகா நிறுத்தவில்லை. பிலோமினாவிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் சேர்த்து, கையில் கிடைத்த பிள்ளையின் தலையில் கொட்டினாள்.

"ஒரு காபட்ட வச்சுக் காப்பாத்தத் தெரியல. உன்ன நம்பி எவன் வீட்டக் குடுப்பான்?"

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அறைச் சுவர் கூரைத் தகரம் வரைக்கும் எழும்பவில்லை. மேலே ஒரு கை அகலத்துக்கு வெளி. முன்னறையில் பேச்சு நின்றுபோயிருந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

நிலக்ஷனா சேலையில் ஒட்டியிருந்த கம்பளித் தூசியைத் தட்டிவிட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கோப்பைகளில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. 

பிலோமினா தேத்தண்ணியைப் பாதியில் வைத்தாள். கேக்கைத் தொடவில்லை. பெண்ணிடம் எந்த ஸ்கூலில் படித்தாய் என்று ஒரு கேள்வி கேட்டாள், பதில் முடிவதற்குள் தங்கையைப் பார்த்தாள். இருவரும் எழுந்துவிட்டார்கள்.

"மழை வரப் போகுது. வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புவதென்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். றுஷாந்தன் வெளியே நின்றபடி கொடுத்த தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரைக்கும் குடித்தான். வேனில் ஏறும்போது வாசலைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் போலிருந்தது. அதற்குள் தாய் கூப்பிட்டுவிட்டாள்.

வேன் போனதும் ரொஷான் உள்ளே வந்தான்.

"உள்ள என்ன சத்தம் போட்ட ஜெசீ?"

அவள் பாதி குடித்த கோப்பைகளை எடுத்து அடுக்கினாள்.

"அந்தச் சுவர எழுப்பிடுவோம்னு நான் எத்தன தடவ சொன்னேன். அது கிடக்கட்டும், வந்து பாத்துக்கலாம்னு நீதானே சொன்ன."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் த்ரீவீலரை எடுத்துக்கொண்டு ஹயருக்கு ஆள் ஏற்றப் போய்விட்டான். போனை மேசையில் மறந்துவிட்டுப் போனான். அவன் சண்டை போட்டிருந்தால் ஜெசீகாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இருதயம்மா அறைக்குள் வந்து பிளந்து கிடந்த கம்பளத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள்.

"இது என் பழக்கம் புள்ள. அவ மேல குத்தம் இல்ல."

"என்ன அத்த சொல்றீங்க?"

"அந்தக் காலத்துல தோட்டத்துல கம்பளி குடுப்பாங்க. புதுசக் கட்டி தகரப்பெட்டிக்குள்ள போட்டுருவோம். பழசத்தான் போத்திக்கிட்டு மழையில கொழுந்தெடுக்கப் போறது. அது கிழிஞ்சாலும் தைச்சுத் தைச்சுப் போத்துவோமே தவிர புதுசத் தொட மாட்டோம். நல்ல நாளுக்குன்னு வைக்கிறது. எந்த நல்ல நாளு வந்துச்சு? உன் காபட்டு வந்தப்பவும் நான்தான் சொன்னேன், அவிழ்க்காத, அவ வரட்டும்னு. இந்தப் புள்ள என்னையவிட ஒரு படி மேல போயிருச்சு."

ஜெசீகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொண்ணும் சொல்றேன். மனசுல வச்சுக்க முடியல. இதுக்கு முந்தி ரெண்டு எடம் வந்துச்சு. ஒண்ணு பசறை. இன்னொண்ணு மொனராகலை, ரப்பர் தோட்டத்துல கிளாக்கர். ரெண்டுக்கும் மாட்டேன்னுட்டா. அண்ணி அங்க அடுத்தவன் வீட்டத் துடைச்சுக்கிட்டு இருக்கிறப்ப நான் இங்க மாலை போட்டுக்கிட்டு நிக்கவான்னு கேட்டா. அதோட நானும் சுகமில்லாம கிடந்தேன். என்ன யாரு பாத்துக்கிறது?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாதியில விட்டுட்டு வந்துருவேன்னு வாயத் திறக்கவே விடல."

ஜெசீகா அழுதாள். தன் மேலேயே வெறுப்பு வந்து அழுதாள். தன்னை அவித்துப் போட்ட கேள்வியைக் கேட்டது பிலோமினா. அடி வாங்கியது, தனக்காகக் காத்திருந்த பிள்ளை. வேறு எந்த நாளிலும் சொல்லாத வார்த்தை இந்த ஒரு நாளில், இத்தனை பேருக்குக் கேட்கும்படி ஏன் வந்தது? அவளுக்கு விளங்கவில்லை.

அழுது முடிந்ததும் அவளுக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்தாள். கம்பளத்தை இழுத்துக்கொண்டு பின்புறம் போனாள். மழை பசறைப் பக்கமாக ஒதுங்கிப் போய், கொஞ்சம் வெயில் விழுந்திருந்தது. துணி காயப் போடும் கம்பி பாரம் தாங்காது என்று, கொய்யா மரத்துக்கும் வேலிக்கும் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டினாள். பிளந்த கோட்டிலேயே கத்தரிக்கோலை ஓட்டிக் கெட்ட பாதியைத் தனியே வெட்டினாள். மற்றப் பாதியில் இன்னும் பூக்கள் இருந்தன. தேறும் போலிருந்தது.

தனியாகத் தூக்க முடியவில்லை. இரண்டாம் முறை தூக்கும்போது மறுமுனை லேசாகிவிட்டது. நிலக்ஷனா சேலையை மாற்றிக்கொண்டு வந்து பிடித்திருந்தாள். தலையில் பூ மட்டும் அப்படியே இருந்தது.

"நிலா..."

"சொல்லுங்க அண்ணி, எந்தப் பக்கம் மேல வரணும்?"

"பின்பக்கம். முதல்ல முதுகுலதான் தட்டணும். அப்பதான் உள்ள இருக்கிற தூசி முன்னாடி விழும்."

விளக்குமாற்றின் அடிக்கட்டையால் இருவரும் மாறி மாறித் தட்டினார்கள். அந்தும் பொடியும் புல்லில் கொட்டின. ஜெசீகா மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் நிலக்ஷனா இன்னொரு கேள்வி கேட்டாள்.

"இத முக்கித் துவைக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது. அடி நூல் பருத்தி. தண்ணியக் குடிச்சுட்டா காயாது, அழுகிரும். வினாகிரிய நிறையத் தண்ணியில கலந்து, துணிய முக்கி இறுக்கிப் பிழிஞ்சு, லேசாத் துடைக்கணும். மயிர் சாஞ்சிருக்கிற பக்கமாவே துடைக்கணும். எதிர்ப் பக்கம் போனா முறிஞ்சிரும்."

கம்பளத்தை இறக்கி ஒரு பாயில் விரித்த பிறகு நிலக்ஷனா உள்ளே போய் வினாகிரியும் வாளியும் கொண்டுவந்தாள். சொன்ன மாதிரியே பிழிந்து துடைத்தாள். நல்ல கை. ஒரு தடவை காட்டினால் போதும் அவளுக்கு.

"தேத்தண்ணி கொட்டிட்டா?"

"தேய்க்காத. வெள்ளைத் துணிய வச்சு ஒத்தி எடு. கறைய ஓரத்துல இருந்து உள்ளுக்குக் கொண்டு வரணும். நடுவுல ஆரம்பிச்சா பரவிரும்."

"கொட்டினா ஏசுவாங்களா?"

"யாரு, மேடமா? முதல்ல ஏசுவாங்க. அப்புறம் நம்ம வேலையப் பாத்துட்டுப் பேசாம இருந்துருவாங்க."

"பாஷை?"

"சாமான் பேரு முதல்ல வந்துரும். மத்தது தானா வரும். நான் என்ன படிச்சுட்டா போனேன்?"

ஜெசீகாவுக்கு நெஞ்சு இளகிக்கொண்டு வந்தது. பிள்ளை பேசுகிறாளே! கோபத்தை வைத்துக்கொண்டிருந்தால் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பாளா? அந்த வீட்டுக் கதைகளை இத்தனை நாளில் யாருமே அவளிடம் கேட்டதில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். தூசி இழுக்கிற மெஷினை ஓரத்துக் குஞ்சத்தில் விடக் கூடாது என்றாள். பாரமான சாமானின் கால்களை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும் என்றாள். மிதிக்கிற கம்பளத்தை அந்து அண்டாது, ஆள் நடமாட்டம் இல்லாததைத்தான் தின்னும் என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிலக்ஷனா துணியை மறுபடி முக்கிப் பிழிந்தாள்.

"நிலா, நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நான் பண்டாரவளைக்குப் போறேன். அந்த அம்மா கால்ல விழுந்தாவது சொல்றேன். நான்தான் வெறி புடிச்சுப் பேசினேன்னு சொல்றேன்."

"வேணாம் அண்ணி."

"உனக்கு அந்தப் பையனப் புடிச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். வேன் ஹோர்ன் அடிச்சப்ப உன் முகத்தப் பாத்தேன்."

நிலக்ஷனா துடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்க போய்ச் சொல்லி, அவங்களும் சரின்னு வச்சுக்கங்க. அப்புறம் அந்த வீட்டுல ஒரு கோப்பை உடைஞ்சாலும் அதே பேச்சுத்தான் வரும். உங்க அண்ணியே சொன்னாங்கன்னு."

ஜெசீகா கொட்டிக் கிடந்த பொடியைக் கையால் ஒதுக்கினாள்.

உள்ளே ரொஷானின் போன் அடித்தது. இருதயம்மா அதைக் கையில் தூக்கிக்கொண்டு பின்கதவு வரைக்கும் ஓடிவந்தாள். "நிலா, பண்டாரவளை நம்பர். அந்தத் தம்பிதான், போன்ல பேரு விழுது. உங்க அண்ணனும் இல்ல. வந்து பேசு, புள்ள."

ஜெசீகா எழுந்துவிட்டாள். நிலக்ஷனா எழவில்லை.

"நான் திங்கட்கிழமை பதுளைக்குப் போறேன் அண்ணி" என்றாள், கம்பளத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்கு. முன்பள்ளியில கிடைக்கிறது எனக்கே போதாது. அம்மாவத் தனியா விட்டுட்டுப் போக முடியாமத்தான் இவ்வளவு நாளா இருந்தேன். இப்பதான் நீங்க வந்துட்டீங்களே."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. இருதயம்மா அதை என்ன செய்வதென்று தெரியாமல் மகளையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கறைய ஓரத்துல இருந்து உள்ளுக்குன்னு சொன்னீங்க" என்றாள் நிலக்ஷனா. "அதுக்கப்புறம் என்ன செய்யணும், சொல்லுங்க."